உங்கள் பெயரில் நான் எழுதிய பதில்

என்றும் என் மதிப்புக்குரிய மச்சான்,

ஒரே வீட்டில் மாடியில் நீங்களும் கீழே நாங்களுமாக இருந்தோம். கடிதம் எழுத வேண்டிய தேவையே வந்ததில்லை. இப்போது எழுதுவது ஒரு தப்பை ஒப்புக்கொள்ள. இதை மூன்று முறை எழுதிக் கிழித்தாகிவிட்டது.

முதலில் செய்தி. உங்களுக்குப் பிடித்த 'கரும்பாறை' மெட்டல் ராக் இசைக்குழுவில் பாடகன் பிரபு இப்போது இல்லை. கனடாவில் வேலை கிடைத்துப் போய்விட்டான். அவன் இடத்தில் தாரணி என்று மதுரைப் பெண் ஒருத்தி பாடுகிறாள். நீங்கள் கண்மூடிப் பத்தொன்பதாம் நாள் இந்தச் செய்தி வந்தது.

எழுபது வயதில் இந்த மெட்டல் கூச்சல் எதற்கு என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். முப்பது வருடம் மில் இரைச்சலில் காது மந்தமான உங்களுக்கு வீணையும் புல்லாங்குழலும் எட்டவில்லை, இது எட்டியது. துணைக்கு வந்த எனக்கும் பிடித்துப்போனது. கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்த பழக்கத்தில் ஒவ்வொரு பாட்டுக்கும் ஓர் அட்டை எழுதி வைத்தேன். எந்த நிமிடத்தில் தாளம் மாறுகிறது, எங்கே கிட்டார் தனியாக வருகிறது, எல்லாம் அதில் இருக்கும். "அது கெடக்கட்டும் மாப்பிள்ள, பிடிச்சிருக்கா இல்லையா, அதச் சொல்ல மாட்டீகளா?" என்பீர்கள். நான் அட்டையைப் பார்ப்பேன்.

ரசிகர்களுக்கு நீங்கள் இறந்ததைச் சொல்லத்தான் உங்கள் போனைத் திறந்தேன். அவர்களுடைய வாட்ஸ்அப் குழு முழுக்கச் சண்டை. புதுப் பெண் வரட்டும் என்று பாதிப் பேர், கூடாது என்று பாதிப் பேர். நடுவே ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வந்தது: பெரியவர் என்ன சொல்கிறார்? ஒரு நிகழ்ச்சி விடாமல் போய் ஸ்பீக்கர் பெட்டியில் சாய்ந்து நின்று கேட்டவர் சொன்னால் சரி என்றார்கள்.

எனக்குக் கோபம் வந்தது. பிரபு போனதற்கா, நீங்கள் போனதற்கா? 'பிரபு பாடிய பாட்டை வேறு யாரும் பாட வேண்டாம்' என்று தட்டி அனுப்பினேன். உங்கள் பெயரில் போயிற்று. என் போன் என் சட்டைப் பையில்தான் இருந்தது, மச்சான். என் பெயரில் அதை எழுத எனக்குத் தைரியம் வந்திருக்காது.

அதற்குப் பிறகு அந்த வரியை உங்கள் படத்தோடு சேர்த்து ஊரெல்லாம் அனுப்பினார்கள். அந்தப் பெண்ணை எழுதக் கூசும் வார்த்தைகளில் ஏசினார்கள். வருகிற சனிக்கிழமை மதுரை நிகழ்ச்சிக்கு யாரும் போகக் கூடாது என்றார்கள். கடைசியில் அவளே உங்களுக்கு எழுதினாள். ஞாயிற்றுக்கிழமை காரைக்குடிக்கு வருகிறேன், உங்கள் முன்னால் ஒரு பாட்டுப் பாடுகிறேன், அப்போதும் வேண்டாம் என்றால் விலகிவிடுகிறேன் என்று.

நான்கு நாள் பதில் எழுதாமல் இருந்தேன். உங்கள் தங்கச்சி மீனாளிடமும் சொல்லவில்லை. பதில் வராவிட்டால் வரமாட்டாள் என்று நினைத்தேன்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை காலை வாசலில் ஆட்டோ வந்து நின்றது. கதவைத் திறந்தது உங்கள் தங்கச்சி. கருப்பையா ஐயா இருக்காங்களா என்று கேட்ட பெண்ணை உள்ளே கூட்டி வந்து, மாலை போட்ட உங்கள் படத்தைக் காட்டினாள்.

அந்தப் பெண் படத்துக்குக் கீழே இருந்த தேதியைப் படித்தாள். தன் போனை எடுத்துப் பார்த்தாள். மறுபடி தேதியைப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அப்ப என்னைய வேணாம்னு எழுதுனது யாரு?"

போனை யாரோ எடுத்து விளையாடிவிட்டார்கள் என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பொய் தொண்டை வரை தயாராக வந்து நின்றது. மீனாளும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான்" என்றேன்.

மீனாள்தான் முதலில் பேசினாள். "எங்க அண்ணன் யாரையும் வேணாம்னு சொன்னவுக இல்லையே. செத்தவுக வாயில போயி இப்புடி ஒரு சொல்லப் போட்டுட்டீகளே." கல்யாணமாகி நாற்பத்தைந்து வருடத்தில் என்னிடம் அவள் அந்தக் குரலில் பேசியதில்லை.

தாரணி நாற்காலியில் உட்கார்ந்து ஒரு செம்புத் தண்ணீரையும் குடித்தாள். பயத்தில் ஒரு வாரமாகத் தொண்டை கட்டியிருக்கிறது என்றாள். ஒரு பாட்டுப் பாடும்மா என்று நான் தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"அவருக்குப் பாடத்தான் வந்தேன். நீங்க கேக்கணும்னா எல்லாரையும் மாதிரி டிக்கெட் வாங்கிட்டு மதுரைக்கு வாங்க ஐயா." வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "எழுதுனது யாருன்னு அந்த வாட்ஸ்அப் குரூப்புலயும் சொல்லிருங்க. உங்க பேருல."

இன்னும் சொல்லவில்லை. சொன்னால் நீங்கள் இறந்ததையும் சொல்ல வேண்டும். இன்று காலைகூட ஒரு பையன், பெரியவரே, சாப்பிட்டீங்களா என்று கேட்டிருக்கிறான். அவர்களுக்கு நீங்கள் இன்னும் காரைக்குடியில் சௌக்கியமாக இருக்கிறீர்கள். நான் அனுப்பும் அந்த நொடியில் அங்கேயும் இல்லாமல் போவீர்கள். நான் தள்ளிப்போட்டது வெறும் பயத்தால்தானா, மச்சான்?

அவள் பாட்டை இன்று போனில் மூன்று முறை கேட்டேன். எனக்குப் பிடிக்கவில்லை. அடிக்குரலில் உறுமும்போது உடம்பு அதிர்கிறது, மேலே போனால் பிரபுவைத் தேடுகிறேன். என் காது தவறாக இருக்கலாம். நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள்? எனக்குத் தெரியாது. தெரிந்தவன் போல எழுதினேன்.

இந்தக் கடிதத்தைப் படமெடுத்து அப்படியே அந்த ரசிகர்களுக்கு அனுப்பப் போகிறேன், என் போனிலிருந்து. சனிக்கிழமை மதுரைக்குப் போவேன். மீனாளும் வருகிறேன் என்கிறாள். ஸ்பீக்கர் பக்கம் போக மாட்டேன், பின்னால் நின்று முழுவதும் கேட்பேன். பிடித்தால் பிடித்தது என்றும், பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்றும் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்து நானே சொல்வேன். அதற்கு உங்களைத் துணைக்குக் கூப்பிட மாட்டேன்.

உங்கள் தங்கச்சி மீனாளின் வீட்டுக்காரன்,
உங்கள் மாப்பிள்ளை,
சிதம்பரம்
செக்காலை, காரைக்குடி