அந்த ஊர்க் காய்ச்சல்

அன்பு மகளுக்கு,

இங்கே நானும் உன் அம்மாவும் அவரவர் மாத்திரைகளின் தயவில் நலம். நீ நலமாக இருப்பதை உன் அம்மா மூலமாகத் தெரிந்துகொள்கிறேன், எப்போதாவது நேரடியாகவும் தெரிந்துகொள்ள ஆசை. ஃபோன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். ஃபோனில் உன் அம்மாதான் பேசுகிறாள், நான் அவள் தோளுக்குப் பின்னால் பாதி முகமாகத் தெரிந்து, அங்கே குளிரா என்று கேட்டுவிட்டு நகர வேண்டியிருக்கிறது. போன ஞாயிறும் அப்படித்தான். நீ உன் வாழ்க்கையைப் பற்றிப் பெரிய விஷயம் ஒன்றைச் சொன்னாய், நான் குளிரைப் பற்றிக் கேட்டேன். சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன். கிளினிக் மேசையில் கிடைத்தது மருந்துக் கம்பெனிக்காரர் கொடுத்துவிட்டுப் போன தாள்தான். தலைப்பில் வயிற்றெரிச்சல் மாத்திரைக்கு விளம்பரம் இருப்பது தற்செயல், அதில் நீ உள்ளர்த்தம் எதுவும் தேட வேண்டாம்.

நீ சொன்னதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். வேறு நாட்டில் படித்துவிட்டுப் போகிறவர்களுக்கு அங்கே சர்ஜரியில் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. இங்கே நீ கத்தி பிடித்துக் கற்றுக்கொண்டதை அவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்வதாக இல்லை. இன்னும் ஒரு வருஷம் வார்டில் எடுபிடி வேலை பார்த்துக்கொண்டு சர்ஜரிக்கே காத்திருக்கலாம், அல்லது இப்போதே கூப்பிடுகிற குடும்ப மருத்துவத்தில் சேர்ந்துவிடலாம். மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். உன் மனசு இரண்டாவது பக்கம் சாய்கிறது. சாய்த்தவர் உன் வார்டின் பெரிய டாக்டர். உனக்கு மனுஷங்க பேசறதைக் கேட்கத் தெரியுது, அது தெரிஞ்சவங்க ரொம்பக் கம்மி, இதுதான் உனக்கான வேலை என்று அவர் சொன்னாராம். அதைச் சொல்லிவிட்டு, அவர் எனக்கு அப்பா மாதிரிம்மா என்றும் நீ சொன்னாயாம். இதை உன் அம்மா என்னிடம் ஒப்பித்தபோது ஒரு சொல்லையும் விட்டுவிடாமல் ஒப்பித்தாள், அவள் முகத்தில் அவ்வளவு திருப்தியை நான் சமீபத்தில் பார்த்ததில்லை.

நம் தொழிலில் மாதிரி என்றால் என்னவென்று உனக்குத் தெரியும். கம்பெனிக்காரர் இலவசமாகக் கொடுப்பது, நாலே மாத்திரை இருக்கும், அட்டை அசலைவிடப் பளபளப்பாக இருக்கும், பின்னால் விற்பனைக்கு அல்ல என்று அச்சடித்திருக்கும். அதை வைத்து யாரும் முழு வைத்தியம் பார்த்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. அவரைக் குறைத்துச் சொல்லவில்லை, பெரிய மனிதராகத்தான் இருப்பார். உனக்கு இப்படி ஒருவர் கிடைப்பதும் புதிதில்லை. முதல் வருஷத்தில் அனாட்டமி வாத்தியார். அவர் டீயில் சர்க்கரை போட்டுக்கொள்வதில்லை என்று நீயும் விட்டாய், நான் நீ பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து சொல்லிவந்த யோசனை அது. அப்புறம் சர்ஜரி சீஃப். அவர் ஒரு கையாலேயே முடிச்சுப் போடுவார் என்று நாற்காலிக் கால், குழாயின் கைப்பிடி, உன் அம்மாவின் கைப்பை வார் என்று வீட்டில் அசையாமல் இருந்த எல்லாவற்றிலும் முடிச்சுப் போட்டுவைத்தாய். நீ போட்ட முடிச்சையெல்லாம் உட்கார்ந்து அவிழ்த்தது யார் என்று சீஃபுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. இவர் மூன்றாமவர். ஆனால் முதல் இரண்டு பேரும் எனக்குத் தெரியாததைத்தான் உனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள், அதனால் பொறுத்துக்கொண்டேன். இவர் சொல்லியிருப்பது நான் சொன்னது.

நீ ஹவுஸ் சர்ஜன் முடித்த வாரம், கிளினிக்கில் பக்கத்து அறையைக் காலி செய்து வெள்ளையடித்துவிட்டு, வந்து உட்காருகிறாயா என்று கேட்டேன். நாள் முழுக்க நாக்கை நீட்டு நாக்கை நீட்டுன்னு சொல்லிக்கிட்டு சளியும் காய்ச்சலும் பார்க்கச் சொல்றீங்களாப்பா, அது வெறும் டாக்டர் வேலைப்பா என்றாய். நான் கோபித்துக்கொள்ளவில்லை. வெறும் என்ற சொல் எனக்குப் பழக்கமானதுதான். கல்யாண வீடுகளில் உன் சித்தப்பாவையும் என்னையும் அறிமுகப்படுத்துகிறவர்கள், இவர் குடல் ஸ்பெஷலிஸ்ட் என்று அவனைக் காட்டிச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி, இவர் அவரோட அண்ணன், வெறும் டாக்டர் என்பார்கள். வெறும் வயிறு, வெறும் கை என்பதுபோல அதுவும் ஒரு குறைபாட்டின் பெயர். அந்தக் குடல் ஸ்பெஷலிஸ்ட் தனக்குக் காய்ச்சல் வந்தால் பின்வாசல் வழியாக என்னிடம்தான் வருகிறான் என்பதை நான் வெளியில் சொல்வதில்லை, உன்னிடம் மட்டும் சொல்கிறேன். நீ சர்ஜரிக்காகப் போகிறேன் என்றபோது அதனால் எனக்குச் சமாதானமாகவே இருந்தது. கேட்கிறவர்களிடம், அவள் கேட்பது என்னிடம் இல்லை, இருக்கிற இடத்துக்குப் போயிருக்கிறாள் என்று சொல்ல முடிந்தது. இப்போது நீ சர்ஜரியையும் விட்டுவிட்டு, அவ்வளவு தூரத்தில் உட்கார்ந்து நாக்கை நீட்டச் சொல்லப் போகிறாய் என்றால் நான் கேட்கலாமா இல்லையா, அந்த ஊர்க் காய்ச்சலுக்கு அப்படி என்ன மேன்மை. அங்கே தெர்மாமீட்டர் வேறு மாதிரி ஏறுகிறதா.

இதே கேள்வியை என்னிடமே ஒருவர் கேட்டுவிட்டார். நம் கம்பவுண்டரிடம் ஒரு விஷயத்தைச் சொன்னால் மாலைக்குள் அது தெருமுனை தாண்டிவிடும் என்பது உனக்குத் தெரியும். ரிட்டயர் ஆன டிராயிங் மாஸ்டர் பிரஷர் பார்க்க வந்தார், கையை நீட்டிக்கொண்டே, ஏன் டாக்டர், பாப்பா அங்க போயும் உங்க வேலையத்தான் பார்க்கப்போகுதாமே, இதுக்கு எதுக்கு ஃபிளைட் ஏறணும் என்றார். நான் கேட்க நினைத்ததையே அவர் கேட்டார், ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். உன்னைப் பற்றி இன்னொருவர் சொன்னபோது எனக்குப் பொறுக்கவில்லை. அவர் கையில் பட்டையைக் கட்டி வைத்துக்கொண்டே பிரசங்கம் செய்தேன். அது அங்கே தனிப் படிப்பு, வருஷக்கணக்கில் பயிற்சி, தனிப் பரீட்சை என்றேன். ஸ்பெஷலிஸ்டிடம் போகும்போது வியாதிக்கு ஒரு பெயர் வந்திருக்கும், இவர்களிடம் வரும்போது பெயர் இருக்காது, முழங்காலைக் காட்ட வந்தவர் எழுந்து செருப்பை மாட்டும்போதுதான் நெஞ்சில் ஏதோ பிசைகிறது என்பார், அது காதில் விழ வேண்டும், அதற்குத்தான் அந்தப் படிப்பு என்றேன். என் வேலையைப் பற்றி நான் அவ்வளவு உயர்வாகப் பேசி நானே கேட்டதில்லை. மாஸ்டர் மிகுந்த மரியாதையோடு கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அப்படின்னா நீங்க அந்தப் படிப்பு படிக்கலையா டாக்டர் என்றார். அவருடைய ரத்த அழுத்தம் சரியாகத்தான் இருந்தது. என்னுடையதை நான் பார்க்கவில்லை. வெளியே போய்க் கம்பவுண்டரிடம், பாப்பா லீவுக்கு வந்தா சொல்லுப்பா, ஒரு தடவ முழுசா காட்டிடலாம்னு இருக்கேன் என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

உண்மையில் இந்தக் கடிதத்தை வேறு விதமாகத்தான் எழுத ஆரம்பித்தேன். சர்ஜரியை விடாதே, ஒரு வருஷம் என்ன பெரிய வருஷம், உன் கைக்கு இருக்கிற நிதானம் யாருக்கும் வராது, மனம் தளரக்கூடாது என்று முழுப் பக்கம். நன்றாகவே வந்திருந்தது, பள்ளி ஆண்டு விழாவில் வாசிக்கலாம். உன் அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்துவிட்டு, இத பொண்ணுக்கு எழுதியிருக்கீங்களா, இல்ல அந்த ஆளுக்கு எழுதியிருக்கீங்களா என்று கேட்டுவிட்டுத் துணி உலர்த்தப் போய்விட்டாள். மறுபடி படித்தேன். நீ சர்ஜன் ஆனால் அவர் சொன்னது பொய்யாகும், நான் கேட்டதற்கு நீ வரமாட்டேன் என்றதற்கும் நியாயம் இருக்கும். அந்த ஒரு பக்கத்தில் இருந்தது அவ்வளவுதான், உன் கையின் நிதானம் ஓரமாக ஒட்டிக்கொண்டிருந்தது. கிழித்துவிட்டேன். அதனால் இனி எழுதுவதை ஒரு டாக்டர் இன்னொரு டாக்டருக்கு எழுதுவதாக எடுத்துக்கொள், நடுநடுவே அப்பா எட்டிப்பார்த்தால் கண்டுகொள்ளாதே.

இதில் சேர்ந்தால் ஆபரேஷன் தியேட்டரை நினைத்து நீ ஏங்குவாய். வயிற்றைத் தொட்டுப் பார்த்ததுமே அப்பெண்டிக்ஸ் என்று உனக்குத் தெரிந்துவிடும், எங்கே கீற வேண்டும் என்று விரலுக்கும் தெரியும், ஆனால் சீட்டு எழுதி இன்னொருவரிடம் அனுப்பிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட வேண்டியிருக்கும். அந்த வேதனைக்கு என்னிடம் மருந்து இல்லை, நான் கத்தியைத் தொட்டவனில்லை. உன் பெரிய டாக்டரிடம் இருக்கிறதா என்று கேட்டுப் பார், அவரிடமும் இல்லையென்றால் எனக்கு ஒரு வரி எழுது, மனசுக்கு ஆறுதலாக இருக்கும். ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வார்டில் ஒரு கிழவர் சாப்பிட மறுக்கிறார், அவர் வளர்க்கிற நாயைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்பதுதான் காரணம், அதை யாரும் கேட்கவில்லை, நான் கேட்டேன் என்று அன்றைக்கு அம்மாவிடம் ஒரு கதை சொன்னாய். அந்த நாய்க்கு எந்தக் காது மடங்கியிருக்கும் என்பதுவரை சொன்னாய். இங்கே இருந்தபோது எந்த ஆபரேஷனைப் பற்றியும் நீ அவ்வளவு நேரம் பேசியதில்லை, சீஃபைப் பற்றித்தான் பேசுவாய். அந்தக் கதையை நீ சொல்கிற விதத்திலேயே உன் வேலை எது என்று தெரிந்துவிட்டது. உன் பெரிய டாக்டர் அதைக் கவனித்திருக்கிறார். நானும் கவனித்தேன், அவருக்குப் பிறகு. அதுதான் இந்த முழு விஷயத்திலும் எனக்கு ஜீரணமாகாத இடம்.

ஆகவே குடும்ப மருத்துவத்திலேயே சேர். காத்திருக்க வேண்டாம். சேர்ந்த பிறகு செய்ய வேண்டியது சில. நோயாளி வாயைத் திறக்கும் முன்னால் நீ உட்கார்ந்துவிடு, நின்றுகொண்டு கேட்டால் பாதியைத்தான் சொல்வார்கள். ஒண்ணுமில்ல என்று யாரிடமும் சொல்லாதே, அவர் அங்கே உட்கார்ந்திருக்கிறார், ஏதோ இருக்கிறது. மதியம் சாப்பிடு. இன்னொன்று, நம் ஜனங்கள் வலியைச் சொல்லும் விதம் உனக்குக் காதிலேயே ஊறியது. குத்துகிறது, கடுக்கிறது, சுண்டி இழுக்கிறது, விண்விண்ணென்று தெறிக்கிறது என்பதெல்லாம் வேறு வேறு வியாதி என்று உனக்கு யாரும் பாடம் நடத்தியதில்லை, பள்ளிக்கூடம் விட்டு வந்து கிளினிக் பெஞ்சில் உட்கார்ந்து ஹோம்வொர்க் எழுதும்போதே பிடித்துக்கொண்டாய். அந்த ஊர்க்காரர்கள் அதையெல்லாம் எந்தச் சொல்லில் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியாது, எந்தப் புத்தகத்திலும் இருக்காது. அதை உன் பெரிய டாக்டரிடம் கேட்டுக் கற்றுக்கொள். இந்த ஒன்றில் அவரை நம்பலாம் என்று நானே சொல்கிறேன், இதை எழுத எனக்கு இரண்டு டீ தேவைப்பட்டது.

வீட்டுச் செய்தி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. உன் அம்மாவுக்கு முழங்கால் பரவாயில்லை, நான் சொன்ன பயிற்சியைச் செய்வதில்லை, ஃபோனில் நீ சொன்ன அதே பயிற்சியைச் செய்கிறாள். கிளினிக்குக்குப் பக்கத்தில் இருக்கும் பல் டாக்டர் நாம் வெள்ளையடித்து வைத்திருக்கும் அறையை வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார், அவருக்கு இன்னொரு நாற்காலி போட இடம் வேண்டுமாம். மகள் வந்துவிடுவாள் என்றே சொல்லி வந்தேன். நல்ல மனிதர், அப்புறம் கேட்பதை நிறுத்திவிட்டு அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கண்ணாலேயே அறையை அளந்துகொண்டிருந்தார். நேற்று நானே போய், வருகிற மாதத்திலிருந்து வைத்துக்கொள்ளுங்கள் என்று சாவியைக் கொடுத்தேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. பொண்ணு வந்தா எங்க சார் உட்காருவாங்க என்று கேட்டார். அவளுக்கு அங்கே அவளுடைய நோயாளிகள் காத்துக்கொண்டிருக்கிறார்கள் என்றேன். வாய்விட்டுச் சொன்ன பிறகு அது அவ்வளவு மோசமாகக் கேட்கவில்லை.

உன் கைக்கு ராசி வரட்டும், உன் வாசலுக்கு வருகிற எல்லோரும் வந்ததைவிடக் கொஞ்சம் லேசாகத் திரும்பிப் போகட்டும் என்று நானும் உன் அம்மாவும் மனதார வாழ்த்துகிறோம். மாதக் கடைசி வரை இழுத்துக்கொண்டிருக்காதே. பதிலைக் கொடுத்ததும் எனக்கு ஃபோன் செய், அம்மா எடுத்தால் என்னிடம் கொடுக்கச் சொல். உன் பெரிய டாக்டருக்கு மறுநாள் சொன்னால் போதும்.

இப்படிக்கு,
அப்பா