கம்பெனித் தபாலோடு போன கடிதம்

ஸ்ரீவில்லிபுத்தூர்
9.6.1996

அன்புத் தம்பி தவசிமுத்துவுக்கு அக்காள் கிருபாபாய் எழுதுவது. கர்த்தர் புண்ணியத்தில் நான் சுகம். நீயும் வீட்டில் உள்ளவர்களும் சுகம்தானே? பதினோரு கிலோமீட்டர் பஸ்ஸேறி அக்காளைப் பார்த்துப்போக மூணு மாசமா உனக்கு நேரமில்லை. இராஜபாளையத்துக்கு லேபர் இன்ஸ்பெக்டராக வந்த பொறவு கால் தரையில் பாவ மாட்டேங்குதோ என்னவோ.

ஒரு காரியம். நான் கூமாப்பட்டிப் பள்ளிக்கூடத்தில் இருந்தப்போ என்னிடம் படித்த பிள்ளை அழகுத்தாய். தகப்பன் கிடையாது. அம்மா கருத்தம்மா களையெடுக்கப் போகிறவள். பிள்ளைக்குப் பதினைந்து வயசு, எட்டாம் வகுப்பு பாஸ். கையெழுத்து அச்சடித்தது மாதிரி இருக்கும். ராக்கப்பன் என்று ஒரு ஆள் ஊர் ஊராகப் போய்ப் பொம்பளைப் பிள்ளைகளை வேலைக்குச் சேர்க்கிறானாம். தேவதானம் ரோட்டில் பேண்டேஜ் துணி கம்பெனி. அங்கேயே தங்கி மூணு வருசம் வேலை பார்த்தால் கல்யாணத்துக்கு நகை போட்டு அனுப்புவார்களாம். கருத்தம்மா நேற்று வந்து, "டீச்சர் சரின்னா அனுப்புதேன், இல்லன்னா இல்ல" என்று உட்கார்ந்துவிட்டாள். எனக்குக் கம்பெனியைப் பற்றி என்ன தெரியும்? உன் எல்லைக்குள் இருக்கிறது. விசாரித்து எழுது.

உன் அக்காள்
கிருபாபாய்


இராஜபாளையம்
14.6.1996

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. திட்டும் கிடைத்தது. இங்கே ஜீப் ஒன்று, ஊர் நாற்பது; நான் என்ன செய்ய?

அந்தக் கம்பெனியை எனக்கு நன்றாகத் தெரியும். போன மார்ச்சில்தான் ஆய்வுக்குப் போனேன். மேனேஜர் சேதுபதி மரியாதையான மனுசன். பிள்ளைகள் தங்குகிற ஹால் சுத்தமாக இருக்கிறது. வேலை முடிந்ததும் வெளிப்பக்கம் பூட்டி வாட்ச்மேன் சாவியை வைத்துக்கொள்கிறான், அம்புட்டுப் பாதுகாப்பு. எல்லாரையும் வரிசையாக நிற்கவைத்து, "சாப்பாடு எப்படிம்மா?" என்று கேட்டேன். "நல்லா இருக்கோம் சார்" என்று ஒரே குரலில் சொன்னார்கள் பார், உன் பள்ளிக்கூடத்தில்கூட அந்த ஒழுங்கு இருக்காது. "குறை ஏதும் இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு வந்தேன். கருத்தம்மாளிடம் தைரியமாக அனுப்பச் சொல். நான் இருக்கிறேன்.

பிரியமுள்ள தம்பி
தவசிமுத்து


ஸ்ரீவில்லிபுத்தூர்
27.1.1997

அன்புத் தம்பிக்கு,

கிறிஸ்துமஸுக்கு நீ கொண்டுவந்த கேக்கை முழுசாகத் தின்று தீர்த்துவிட்டேன், சுகர் டாக்டரிடம் சொல்லிவிடாதே.

அழகுத்தாய் பொங்கலுக்கு வரவில்லை. ஏழு மாசமாக ஒரு கடுதாசிகூட இல்லை. அந்தப் பிள்ளை எழுதாமல் இருக்கிறவள் இல்லை, தம்பி. பள்ளிக்கூடத்தில் லீவு லெட்டரை அடுத்த பிள்ளைகளுக்கும் சேர்த்து எழுதிக் கொடுப்பாள். கருத்தம்மா கம்பெனி கேட்டுக்குப் போயிருக்கிறாள். "மெஷின் ஓடுது, இப்போ பார்க்க முடியாது" என்று அனுப்பிவிட்டார்களாம். போகும்போது அந்தப் பிள்ளையிடம், "இன்ஸ்பெக்டர் என் தம்பி, எதுன்னாலும் அவன்கிட்டச் சொல்லு" என்று நான் சொல்லி அனுப்பியிருக்கிறேன். ஒரு எட்டு போய்ப் பார்த்துவிட்டு வா.

கிருபாபாய்


இராஜபாளையம்
20.2.1997

அன்புள்ள அக்காவுக்கு,

போய் வந்தேன். முந்தின நாளே சொல்லி அனுப்பியதால் எல்லாரும் குளித்துப் பூ வைத்து நின்றார்கள். அழகுத்தாயைப் பார்த்தேன். கொஞ்சம் மெலிந்திருக்கிறாள், வேலை செய்கிற பிள்ளை மெலியாதா? ரிஜிஸ்டரில் வயசு பதினெட்டு என்று இருந்தது. நீ பதினைந்து என்று எழுதிய ஞாபகம். டாக்டர் சர்டிபிகேட் இருந்ததால் மேற்கொண்டு கேட்கவில்லை. சேதுபதி பக்கத்திலேயே இருந்து எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார்.

கிளம்பும்போது அந்தப் பிள்ளை என் பக்கத்தில் வந்து, மடித்து மடித்துக் கட்டைவிரல் அளவுக்கு ஆக்கின இன்லேண்ட் லெட்டர் ஒன்றை என் கையில் திணித்துவிட்டு ஓடிவிட்டாள். அம்மாவுக்குத்தான் இருக்கும். ஆபீசர் கையில் தபாலைக் கொடுக்கிறதே, என்ன பழக்கம் என்று சிரிப்பு வந்தது. சேதுபதி மேஜையில் வைத்து, உங்கள் தபாலோடு சேர்த்துப் போட்டுவிடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். இந்நேரம் கூமாப்பட்டி போயிருக்கும். கருத்தம்மாளிடம் கேட்டு எழுது.

தவசிமுத்து


மதுரை
24.4.1997

அக்கா,

உன் கார்டு கிடைத்தது. கருத்தம்மாளுக்குக் கடிதம் எதுவும் வரவில்லை என்று எழுதியிருந்தாய். ஒரு மாசமாகப் பதில் போடாததற்குக் காரணம் சோம்பல்தான், மறைக்கவில்லை. இப்போது எழுதக் காரணம் வேறு.

மூணு நாளாக இங்கே எங்களுக்குப் பயிற்சி. லேபர், ரெவின்யூ, போலீஸ், மூணு இலாகா ஆட்களும் இருக்கிறோம். ஆசை காட்டி ஆட்களைக் கொண்டுபோய் அடைத்துவைத்து வேலை வாங்குகிறார்களே, அதை எப்படிக் கண்டுபிடிப்பது, யாரிடம் புகார் எழுதுவது என்று பாடம். நான் முதல் நாள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ரெயில்வே கால அட்டவணை பார்த்துக்கொண்டிருந்தேன். சென்னையிலிருந்து வந்த வக்கீலம்மா ஒருத்தி பேசினாள். "பூட்டு வெளிப்பக்கம் இருந்தால் அது யாருடைய பாதுகாப்புக்கு?" என்று கேட்டாள். நான் கால அட்டவணையை மூடி வைத்தேன். எல்லாரும் ஒரே மாதிரி ஒரே வார்த்தையைச் சொன்னால், யார் சொல்லிக் கொடுத்தது என்று பாருங்கள் என்றாள். முதலாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்கிற கேள்வி கேள்வியே இல்லை என்றாள். ஒவ்வொன்றுக்கும் என் பேரைச் சொல்லித் திட்டுகிற மாதிரியே இருந்தது.

கடைசியில் கேட்டாள்: "ஆய்வுக்குப் போன இடத்தில் யாராவது உங்கள் கையில் கடிதம் கொடுத்திருக்கிறார்களா? இருந்தால் கை தூக்குங்கள். அவர்களுக்கு வேறு வழியே இல்லாதபோதுதான் அப்படிக் கொடுப்பார்கள்."

நான் கை தூக்கவில்லை, அக்கா. இரண்டு கையையும் மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாற்பத்திரண்டு வயசில் இப்படி ஒரு அவமானத்தை நான் அனுபவித்ததில்லை. யாரும் என்னைப் பார்க்கக்கூட இல்லை, அதுதான் வேடிக்கை.

புகார் எழுதவேண்டும். எழுதினால், இரண்டு தடவை போய்க் "குறை ஏதும் இல்லை" என்று கையெழுத்துப் போட்டது யார் என்று கேட்பார்கள். வேலைக்கே ஆபத்து. என்ன செய்ய என்று தெரியவில்லை. நேரில் வந்து சொல்ல முகமில்லாமல்தான் எழுதுகிறேன்.

தவசிமுத்து


ஸ்ரீவில்லிபுத்தூர்
27.4.1997

தம்பி,

என்ன செய்ய என்று என்னிடம் ஏன்லே கேட்கிறாய்? உனக்கு மூணு நாள் சோறு போட்டு அதைத்தானே சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்?

உன்னை மட்டும் ஏசி நான் நல்லவளாகப் பார்க்கவில்லை. "ஒரே குரலில் சொன்னார்கள்" என்று நீ எழுதினபோதே எனக்குப் பொறி தட்டியிருக்கவேண்டும். எங்கள் பள்ளிக்கூடத்துக்கு அதிகாரி வருகிறார் என்றால் முந்தின நாள் நான் செய்கிற வேலை அதுதானே? "சத்துணவு எப்படி?" என்றால் "நல்லா இருக்கு ஐயா" என்று பத்துத் தடவை சொல்லவைப்பேன். அன்றைக்குச் சாம்பாரில் பருப்பே இருக்காது. அது தெரிந்தவள்தான் உன் கடிதத்தைக் கருத்தம்மாளுக்கு வாசித்துக் காட்டி, "தைரியமா அனுப்பு" என்று சொன்னேன். அவள் என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். அந்த இடம் இப்போதும் சுடுகிறது.

வேலை போனால் போகட்டும். நம்ம அப்பா ரேஷன் கடையில் மூட்டை தூக்கித்தான் நம்மைப் படிக்கவைத்தார். நாளைக்கே எழுது. எழுதாமல் இந்த வீட்டுப் படி ஏறாதே.

கிருபாபாய்


இராஜபாளையம்
30.6.1997

அக்கா,

எழுதினேன். என் இரண்டு ஆய்வு அறிக்கையும் தப்பு என்பதை முதல் பாராவிலேயே எழுதி, சப்-கலெக்டருக்கும் போலீசுக்கும் கொடுத்தேன். பக்கத்து சீட் ஆண்டிச்சாமி, "உன்னைப் பற்றி எதுக்குய்யா எழுதுறே? மத்ததை மட்டும் எழுது" என்றார். அதையும் யோசித்தேன், பொய் சொல்லமாட்டேன்.

யாருக்கும் சொல்லாமல் ஜூன் இரண்டாம் தேதி போனோம். இருபத்துமூணு பிள்ளைகள். மகாராஜபுரம், கூமாப்பட்டி, தேவதானம் என்று எல்லாம் நம்ம பக்கத்துப் பிள்ளைகள். இந்தத் தடவை சேதுபதியை வெளியே நிறுத்திவிட்டு, பெண் போலீஸ் தனித்தனியாக உட்கார்ந்து பேசினார்கள். அழகுத்தாய் அங்கே இல்லை. நான் பிப்ரவரியில் போய்வந்த மறுநாளே ராக்கப்பன் அவளை எங்கேயோ கொண்டுபோய்விட்டான் என்று வேலுத்தாய் என்கிற பிள்ளை சொன்னாள். ராக்கப்பனைப் பிடித்து விசாரித்ததில் கொல்லம் பக்கம் இறால் உரிக்கிற ஷெட் என்று கக்கினான்.

பன்னிரண்டாம் தேதி போலீசோடு நானும் போனேன். ஐஸ் தண்ணியில் இறால் உரித்து உரித்து விரல் நுனியெல்லாம் வெடித்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, "நல்லா இருக்கோம் சார்" என்றாள். நான் ஒன்றும் கேட்கக்கூட இல்லை. வெளியே போய் ஜீப்புக்குப் பின்னால் நின்று அழுதேன். பிள்ளை இப்போது கூமாப்பட்டியில் அம்மாவோடு இருக்கிறாள். எனக்கு மெமோ வந்திருக்கிறது. அதைப் பற்றிக் கவலையில்லை.

இதோடு ஒரு இன்லேண்ட் வைத்திருக்கிறேன். சேதுபதி மேஜை டிராயரில் முப்பதுக்கு மேல் கடிதங்கள் இருந்தன, எல்லாம் பிள்ளைகள் எழுதியது. அதில் இதுவும் ஒன்று. கட்டைவிரல் அளவு மடிப்பு அப்படியே தெரிகிறது. போலீஸ் நகல் எடுத்துக்கொண்டு கொடுத்தார்கள். அட்ரஸைப் பார். கருத்தம்மாளுக்கு இல்லை. அவளுக்கு வாசிக்கத் தெரியாதல்லவா, அதனால் உனக்கே எழுதியிருக்கிறாள். உன் பேர், உன் தெரு. நான் பிரித்துக்கூடப் பார்க்காமல் மேஜையில் வைத்தது உன் பேர் போட்ட கடிதம், அக்கா.

உள்ளே நான் வாசிக்கவில்லை.

தவசிமுத்து


ஸ்ரீவில்லிபுத்தூர்
13.7.1997

தம்பி,

உன் கடிதம் வந்து பத்து நாள் கழித்து எழுதுகிறேன். கோபத்தில் எழுதவேண்டாம் என்றிருந்தேன். கோபம் போகவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். அவள் எழுதியதை அப்படியே தருகிறேன். நீ வாசிக்கவேண்டும்.

"டீச்சருக்கு அழகுத்தாய் வணக்கம். நாளைக்கு ஆபீசர் வருதாகன்னு எங்களக் குளிக்கச் சொல்லியிருக்காக. அவுக உங்க தம்பின்னு எனக்குத் தெரியும். இங்க யாருட்ட குடுத்தாலும் லெட்டர் போகாது. அதனால அவுக கையில குடுக்கேன். இன்லேண்ட் ஒண்ணுதான் இருந்துச்சு, வேலுத்தாய் குடுத்தா. எனக்கு இங்க முடியல டீச்சர். காய்ச்சல்னாலும் மெஷின்ல நிக்கணும். வீட்டுக்குப் போறேன்னு சொன்னா அடிக்காக. அம்மாட்ட வாசிச்சுக் காட்டாதீக, அழும். நீங்க மட்டும் வாங்க."

கூமாப்பட்டி போனேன். பிள்ளை என்னை உட்காரச் சொல்லிவிட்டு நின்றுகொண்டே இருந்தாள். நீ அன்றைக்கு ஜீப்பில் ஏறின செத்த நேரத்திலேயே சேதுபதி அவளைக் கூப்பிட்டு, அவள் கண் முன்னாலேயே அந்தக் கடிதத்தைப் பிரித்து எல்லாருக்கும் சத்தமாக வாசித்திருக்கிறான். அதைச் சொல்லிவிட்டு என்னிடம் கேட்டாள்: "சார் தெரிஞ்சுதான் அவன்ட்ட குடுத்தாகளா டீச்சர்?"

நான் பொய் சொன்னேன். "சார் பையிலேருந்து யாரோ எடுத்துட்டாங்கம்மா" என்றேன். பொய் சொல்லக்கூடாது என்று அதே பிள்ளைக்குக் கையில் அடித்துச் சொல்லிக் கொடுத்தவள் நான். அவள் நம்பினாளா என்று தெரியவில்லை. தலையை ஆட்டினாள்.

தம்பியைக் காப்பாற்றத்தான் அந்தப் பொய் என் வாயில் வந்தது. வெட்கமாக இருக்கிறது. நீ போய் உண்மையைச் சொல். வத்திராயிருப்பு பஸ்ஸில் ஏறினால் கூமாப்பட்டிக்கு அங்கே மாறவேண்டும், ஜீப்பில் போகாதே. யூனிபாரம் மாதிரி அந்த வெள்ளைச் சட்டையும் வேண்டாம்.

கிருபாபாய்


இராஜபாளையம்
28.7.1997

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று போய்வந்தேன்.

கருத்தம்மா நாற்காலி இல்லை என்று பக்கத்து வீட்டில் ஸ்டூல் வாங்கி வந்தாள். நான் உட்காரவில்லை. அழகுத்தாய் கதவுக்குள் நின்றாள். சொல்லவேண்டியதையெல்லாம் பஸ்ஸில் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன், ஒன்றும் நினைவில்லை. "யாரும் எடுக்கலை தாயி. நானேதான் குடுத்தேன். அட்ரஸைப் பிரிச்சுக்கூடப் பாக்கலை. டீச்சர் எனக்காகச் சொன்னது பொய்" என்றேன். கருத்தம்மா என்னையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு அப்போதுதான் விசயமே தெரிகிறது போல. பிள்ளையிடம் மன்னிச்சிரு என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்டால் "சரி சார்" என்றுதான் சொல்லும், வேறு என்ன சொல்லும் என்று நினைத்துக் கேட்கவில்லை.

கிளம்பும்போது அவள் உள்ளே போய் ஒரு இன்லேண்டை எடுத்துக்கொண்டு வந்தாள். முன்னமே எழுதி ஒட்டியிருந்தாள் போல. கையை நீட்டினேன். "குடு தாயி, பஸ் ஸ்டாண்டுப் பெட்டியில போட்டுருதேன்" என்றேன்.

"வேண்டாம் சார், நானே போட்டுக்கிடுதேன்" என்றாள்.

முன்னால் அவள் நடந்தாள், பின்னால் நான். தபால் பெட்டி ரொம்பத் தூரமில்லை, ஆனாலும் தெருவில் எல்லாரும் பார்த்தார்கள். பெட்டிக்குள் போட்டுவிட்டு, உள்ளே விழுந்துவிட்டதா என்று விரலை விட்டுப் பார்த்தாள். விரல் இன்னும் ஆறவில்லை. பொறவு என்னைத் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குப் போய்விட்டாள்.

அட்ரஸ் இந்தத் தடவையும் நான் பார்க்கவில்லை. அவள் அந்தப் பக்கத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். உனக்குத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். என்ன எழுதியிருக்கிறாள் என்று எனக்குச் சொல்லவேண்டாம், அதைக் கேட்க எனக்கு அருகதையில்லை.

வந்து சேர்ந்ததா என்று மட்டும் ஒரு கார்டு போடு, அக்கா.

தவசிமுத்து