ரம்பொடைப் பஸ் வரும் பாட்டு

05.07.2025, சனி

கண்டிக்கருகே அக்குறணையில் பஹீமின் ஹாட்வெயார் கடை மாடியில் எங்கள் பாட்டு வட்டம் பிற்பகல் 3.10க்குத் தொடங்கியது. பத்து நிமிடத் தாமதம். மாதந்தோறும் முதற் சனிக்கிழமை கூடுகிறோம். அமெரிக்க நாட்டார் பாடல்களை அந்நாட்டவர் வீடுகளில் கூடிப் பாடும் முறைப்படியே வட்டமாகக் கதிரை போட்டு அமர்ந்து, இடமிருந்து வலமாக ஒருவர்பின் ஒருவர் பாட, பல்லவியை எல்லோரும் எடுப்போம். கேட்பதற்கு மட்டுமென்று எவரும் வருவதில்லை.

பஸ் சாரதி அழகமுத்து கிற்றாருடன் ஒரு கென்டக்கி மாநிலத்து மலைப்பாட்டைத் தமிழாக்கிப் பாடினார். தாய் ரயிலுக்குக் காத்து நிற்கும் அடியை,

"ரம்பொடப் பஸ்ஸு வருது அம்மா,
கொடையப் புடிச்சு நில்லும்மா"

என்று மாற்றிவிட்டார். நான் கையை உயர்த்தி நடுவிலேயே நிறுத்தினேன். "மூலத்தில் பஸ் இல்லை." அவர் கிற்றாரை உறைக்குள் வைத்தார்.

நான் சொன்னது சரிதானே?

02.08.2025, சனி

அழகமுத்து வரவில்லை. கண்டியில் பெரஹரா ஊர்வலத்துக்குப் பாதை மூடியிருக்கும் என்றேன்.

"நேத்தும் பெரஹராதானே சேர்? அவர் பஸ் ஓட்டிட்டுத்தான் இருந்தார்" என்றார் பஹீம்.

வீடு திரும்புகையில் பத்மாதேவி: "மனுசன் பாடிக்கொண்டிருக்கேக்கை கை தூக்கி மறிக்க நீங்கள் என்ன பொலிஸோ?"

முப்பத்தெட்டு ஆண்டு மனைவி.

பல்லவி மெலிந்திருந்தது என்பதை மட்டும் பதிகிறேன்.

03.08.2025, ஞாயிறு

கென்டக்கியில் இப்படியொரு வட்டம் நடத்தும் மார்த்தா அம்மையாருக்கு மின்னஞ்சல் எழுதினேன் (2019 முதல் தொடர்பு). அழகமுத்துவின் பஸ்ஸையும் சொல்லி, பாட்டின் சரியான பாடத்தை ஆண்டுடன் கேட்டிருக்கிறேன். என் பக்கத்தை நிறுவத்தான், மறைப்பானேன்.

11.08.2025, திங்கள்

மார்த்தாவின் பதில்: "எந்த ஆண்டின் பாடம் வேண்டும்? என் தாயார் ரயில் என்று பாடினார். அவருடைய தாயார் படகு என்றார். அவர் ஊரில் ரயில் இல்லை. உங்கள் நண்பரின் பஸ்ஸை எங்களுக்கு அனுப்புங்கள்."

நான்கு தடவை வாசித்தேன்.

14.08.2025, வியாழன்

கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்தில் காலை 9.40க்கு அழகமுத்துவின் நுவரெலியா பஸ்ஸில் ஏறி, அவர் பின்னால் உள்ள ஆசனத்தில் அமர்ந்தேன். வணக்கம் சொன்னார், அவ்வளவே. கம்பளையில் நிறுத்தியபோது மன்னிப்புக் கேட்டேன்.

"பாட்டுக்காகக் கோவம் இல்ல சார். கொடையோட நின்னது எங்கம்மா. நான் வேல முடிஞ்சு ரம்பொடைலேருந்து வர்ற வரைக்கும் புசல்லாவைல மழையில நிப்பாங்க. அத இல்லைன்னுட்டீங்க."

ஐயோ, இது எனக்கெப்படித் தெரியாமற் போச்சுது? மார்த்தாவின் கடிதத்தை வாசித்துக் காட்டி, பிழை முழுவதும் என்னுடையது என்றேன்.

"அப்ப அந்த ரெண்டு வரியப் பாடுங்க. பாடினா வட்டத்துக்கு வர்றேன்."

"இங்கேயா? பஸ் நிறைய ஆட்கள்!"

"ஆளில்லாத எடத்துல பாடுறது வட்டம் இல்லீங்களே."

எழுந்து நின்று பாடினேன். குரல் இரண்டிடத்தில் உடைந்தது. கொண்டக்டர் கம்பியில் தாளம் போட்டார். மூன்றாவது முறை பாடுகையில் பின்னாசனத்துப் பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். புசல்லாவை வரை ஓயவில்லை.

06.09.2025, சனி

அழகமுத்து வந்தார். பதினொரு பேர். பஸ் பாட்டை மூன்று முறை பாடினோம்; பஹீமின் மகள் நப்லா தொலைபேசியில் பதிந்து கென்டக்கிக்கு அனுப்பினாள்.

04.10.2025, சனி

கென்டக்கியிலிருந்து ஒலிப்பதிவு வந்தது. இருபது பேராவது இருக்கும், எங்கள் பஸ்ஸை ஆங்கிலத்தில் பாடுகிறார்கள். ஆனால் பஸ் பனியில் புதைந்து நிற்கிறது; தாயின் கையில் குடை இல்லை, மண்வெட்டி.

அழகமுத்து கொதித்துப்போனார். "என்ன சார் அநியாயம்! ரம்பொடைல எப்ப பனி கொட்டுச்சு? எங்கம்மா கையில மம்பட்டியா? நீங்களே எழுதிக் கேளுங்க!"

"அங்கே பனி பெய்கிறது, அழகமுத்து. அவர்களுடைய தாய்மாரும் நின்றிருப்பார்கள். விடுங்கள்" என்றேன்.

பத்மாதேவி கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தாள். பஹீம் மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தார், கடைசியில் அழகமுத்துவும்.

குடையோடு ஒரு முறை, மண்வெட்டியோடு ஒரு முறை பாடினோம்.