பேதுருவின் கால்

செல்லே, 2 மார்ச் 1868

கர்த்தருக்குள் அன்பான தங்கை ஹென்ரியேட்டுக்கு,

எங்கள் கோயில் பீடத்துக்கு நீ அனுப்பிய மாதிரிப் படமே தேர்வானது. சீஷர்களின் கால்களை இயேசு கழுவும் காட்சி மூப்பர்கள் ஏழு பேருக்கும் பிடித்துவிட்டது. "இந்த ஹெ. பிராண்டிஸ் நல்ல பக்தியுள்ள மனுசன்" என்று போதகரே புகழ்ந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். சும்மா இருப்பதும் பொய்தானோ?

சாயக்கையோடு ரொட்டியைத் தொடாதே.

அக்கா டோரத்தேயா

டியூசல்டோர்ஃப், 15 மார்ச்

பிரியமான அக்கா,

படம் சுவரில் ஏறும்வரை வாயைத் திறக்காதே. பெண் என்று தெரிந்தால் வேண்டாம் என்பார்கள். நான் மறுபடி ரோஜாப்பூ வரையப் போக வேண்டியதுதான். பதினோரு வருடம் ஒற்றை எழுத்துக்குப் பின்னால் ஒளிந்து வரைந்து கிடைத்த வாய்ப்பு இது.

பேதுருவுக்குக் கால் வேண்டும். ஆண்களை நிறுத்தி வரையும் அறைக்குள் இங்கே பெண்களை விடுவதில்லை. அத்தானைக் கூட்டிக்கொண்டு வா. ரொட்டி அடுப்பருகே நின்று நின்று தேய்ந்த கால், அப்போஸ்தலனுக்குப் பொருந்தும்.

உன் ஹென்ரியேட்

செல்லே, 24 ஜூன்

அன்புத் தங்கைக்கு,

மன்னித்துவிடு. சொல்லிவிட்டேன்.

திருவிருந்துக்குப் பெயர் கொடுக்கச் சனிக்கிழமை போதகர் வீட்டுக்குப் போனேன். "மனசுல ஏதாவது பாரம் உண்டாம்மா?" என்று வழக்கம்போலக் கேட்டார். அந்தப் பாரத்தோடு எப்படித் திருவிருந்துக் கிண்ணத்தைத் தொடுவேன்?

திங்களன்று மூப்பர்கள் என்னையும் அத்தானையும் கூப்பிட்டு நிறுத்தினார்கள். ஆலைக்காரர் கோர்டெஸ் எழுந்தார். "பன்னெண்டு பேரும் வெறுங்காலோட இருக்காங்க. இத்தன ஆம்பளைக் கால இந்தப் பொம்பள எங்க பாத்தா?"

"எல்லாம் என் காலுதாங்க. அவ ஊருக்கே போயி நின்னேன்," என்றார் அத்தான். "பக்கத்துலயே என் பொண்டாட்டி உக்காந்து காலுறை பின்னிக்கிட்டிருந்தா. வேணும்னா பூட்ஸக் கழட்டிக் காட்டவா?"

"வேண்டாம்யா, ஒக்காரு," என்றார்கள்.

நாலு பேர் உன் பக்கம், மூன்று பேர் எதிர்ப்பக்கம். படம் உன்னுடையதுதான். ஒரே நிபந்தனை: இனி யாரும் ஏமாறாதபடி முழுப் பெயரையும் எழுத வேண்டும்.

கோபமாக இருந்தாலும் பதில் போடு.

டோரத்தேயா

டியூசல்டோர்ஃப், 30 ஜூன்

அக்கா,

"சொல்லிவிட்டேன்" வரை படித்துவிட்டுக் கடிதத்தை வீசிவிட்டேன். இரண்டு நாள் உன்னோடு பேசவில்லை. உனக்குத்தான் அது தெரியாது. மூன்றாம் நாள் மீதியைப் படித்தேன்.

இன்று கையெழுத்துப் போட உட்கார்ந்தேன். ஒற்றை எழுத்துக்கே இடம் விட்டுப் பழகிய கை. ஹென்ரியேட் என்று முடிப்பதற்குள் படத்தின் அடியில் வரைந்த தரை தீர்ந்துபோய், பிராண்டிஸ் யூதாசின் அங்கிமேல் ஏறிவிட்டது. அழிக்க மனமில்லை.

ஆலைக்காரருக்கு இதை நீயே பக்குவமாகச் சொல்லிவிடு. சொல்வதில் நீ கெட்டிக்காரி.

உன் தங்கை,
ஹென்ரியேட் பிராண்டிஸ்