எழுதித் தர மறுத்த விலகல் கடிதம்

அன்பு மகள் சின்னவளுக்கு, அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அம்மா, அம்மாவின் முழங்கால் வலி மூவரும் சௌக்கியமாக இருக்கிறோம். அங்கே நீயும் உன் கால்களும் சௌக்கியமாக இருக்க வேண்டும். கால்களைத் தனியாக விசாரிக்கச் சொன்னது உன் அம்மா, வலது பெருவிரல் நகம் பெயர்ந்துவிட்டதாக அக்காவிடம் சொன்னாயாமே, எங்களிடம் ஏன் சொல்லவில்லை என்று அவளுக்கு ஒரு வருத்தம், அதைப் பொழுது விடிந்தால் என்னிடம்தான் காட்டுகிறாள். சமையலறைக் கூரையில் ஒழுகிய இடத்தை நானே அடைத்தேன், இப்போது இரண்டு இடத்தில் ஒழுகுகிறது. மற்றபடி குறை ஒன்றும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்ட விலகல் கடிதம் வந்துவிட்டது என்று நினைத்து இந்த உறையைக் கிழித்திருப்பாய். இது அது இல்லை. நீ சொன்னதெல்லாம் எனக்கு வரி வரியாக நினைவில் இருக்கிறது. நீ போயிருக்கிற திட்டத்தில் வளரும் நடன அமைப்பாளர்கள் என்று ஆறு பேரைத் தேர்ந்தெடுத்ததில் மற்ற ஐந்து பேரும் பெரிய பெரிய வார்த்தை பேசுகிறார்கள், உனக்குக் கொடுத்த நான்கு ஆட்டக்காரர்களும் ஒத்திகையில் கொட்டாவி விடுகிறார்கள், அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை எல்லோர் முன்னாலும் பத்து நிமிடம் செய்து காட்ட வேண்டும், உன்னிடம் காட்ட ஒன்றும் இல்லை. அவங்க என்னை எடுக்கலப்பா, உங்க எழுத்தை எடுத்தாங்க, நான் வந்துடறேன், நீங்கதான் அழகா எழுதுவீங்களே, மரியாதையா விலகிக்கிற மாதிரி ஒரு கடிதம் எழுதி அனுப்புங்க, கையெழுத்து போட்டுக் குடுத்துட்டு வண்டி ஏறிடறேன் என்றாய். நானும் சரி என்றேன். அடுத்த நாள் காலையில் குளித்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். முப்பத்தொரு வருடமாக அரசாங்க அலுவலக மாடிப்படிக்குக் கீழே மேசை போட்டு ஊராருக்கு மனு எழுதிப் பிழைக்கிறவன், பெற்ற மகளுக்கு எழுத உட்கார்ந்தால் பேனா நகரவில்லை. காரணம் எனக்குத் தெரியும், உனக்குத்தான் தெரியாது. போனில் சொன்னால் பாதியில் இருமி, கூரை ஒழுகுவதைப் பற்றிப் பேசி நழுவிவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

இந்தத் திட்டத்துக்கு விண்ணப்பம் அனுப்பக் கடைசித் தேதி நெருங்கியபோது நீ குழுவோடு நான்கு நாள் வெளியூர் நிகழ்ச்சிக்குப் போனாய். கோடு போட்ட தாளில் ஒன்றரைப் பக்கம் எழுதி என் கையில் கொடுத்து, இதை அப்படியே டைப் அடிச்சு அனுப்பிடுங்கப்பா, ஒண்ணும் மாத்தாதீங்க என்று சொல்லிவிட்டுத்தான் போனாய். ஒண்ணும் மாத்தாதீங்க என்று என்னிடம் சொல்வது குழந்தையிடம் மிட்டாயைக் கொடுத்துத் தின்னாதே என்று சொல்வதற்குச் சமம். படித்துப் பார்த்தேன். ஐயா என்ற விளி இல்லை, பணிவு இல்லை, முக்கியமாகக் கஷ்டம் இல்லை. இதை வைத்துக்கொண்டு யார் இரங்குவார்கள் என்று எனக்குப் பதறிவிட்டது. சிவப்பு மையை எடுத்து உன் தாளிலேயே அடித்துத் திருத்தினேன், திருத்திய பிறகு மிச்சம் இருந்தது உன் பெயரும் வயதும்தான். ஆகவே முதலில் இருந்து நானே எழுதினேன். கீழே கையொப்பமிட்டுள்ள நான் என்று ஆரம்பித்தேன். நடனமே கதி என்று வாழும் ஏழைப் பெண் என்றேன். அங்கே கை நின்றிருக்கலாம். ஆனால் வீட்டில் ஒரு நோயாளி இல்லாத மனு நகராது என்பது என் தொழில் அனுபவம், எனவே குடும்பத் தலைவரான தந்தை மூன்று ஆண்டுகளாகப் படுத்த படுக்கையாக இருக்கிறார் என்று என்னைத் தூக்கிக் கட்டிலில் போட்டேன். தயவுகூர்ந்து ஆவன செய்ய வேண்டுமாய்ப் பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன் என்று முடித்தபோது எனக்கே கண் கலங்கியது. என்ன நடனம் அமைக்கப் போகிறாய் என்று ஒரு வார்த்தைகூட அதில் இல்லை என்பதை நான் கவனிக்கவே இல்லை.

இரண்டு வாரம் கழித்து, நீ வகுப்பெடுக்கப் போயிருந்த நேரம், அந்தத் திட்ட அலுவலகத்தில் இருந்து ஒரு அம்மா போன் செய்தார். விண்ணப்பத்தில் என் எண்ணைத்தான் கொடுத்திருந்தோம். கணீர் என்று ஹலோ சொல்லிவிட்டேன். அவர் நீ வீட்டில் இல்லையா என்று கேட்டுவிட்டு, நீங்க யாரு சார் என்றார். அவங்க அப்பா என்றேன். அப்பா படுத்த படுக்கையா இருக்காருன்னு எழுதியிருக்கே சார் என்றார். நான்தாங்க அது, இப்போ கொஞ்சம் எழுந்துட்டேன் என்றேன். இருமலாம் என்று நினைத்தேன், அந்த நேரம் பார்த்து இருமலும் வரவில்லை. அவர் நல்ல மனுஷி, சிரிக்கவில்லை. சார், இதுல அந்தப் பொண்ணு எங்கேயுமே இல்லையே, அவங்க கைப்பட எழுதினது ஏதாவது இருந்தா இன்னிக்குள்ள அனுப்புங்க, கூட வந்த நடன வீடியோ நல்லா இருக்கு, அதுக்காகத்தான் கேக்கறேன் என்றார். முப்பத்தொரு வருடத்தில் என் மனு ஒன்று திரும்பி வந்தது அன்றைக்குத்தான். வேறு வழியில்லாமல் உன் தாளையே, சிவப்பு மையோடு, உன் அம்மா தன் போனில் படம் பிடித்து அனுப்பினாள். பத்து நாள் கழித்து அதே அம்மா கூப்பிட்டு நீ தேர்வாகிவிட்டாய் என்று சொன்னார். சொல்லிவிட்டு, சிவப்புல அடிச்சிருந்த பத்தியைத்தான் இங்கே எல்லாரும் ரெண்டு தடவை படிச்சாங்க, அதை அடிச்சது யாரு சார் என்று கேட்டார். தெரியலீங்க என்று சொல்லிவிட்டேன்.

நடந்தது இதுதான். உன் தாளை விட்டுவிட்டு நானே எழுதி அனுப்பினேன் என்ற வரைக்கும்தான் உனக்குத் தெரியும். நீ வீட்டுக்கு வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, உங்க எழுத்துதாம்பா எனக்கு இடம் வாங்கிக் குடுத்துச்சு என்று சொன்னபோது நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். தொண்டையைச் செருமிக்கொண்டு, ஏதோ என்னால முடிஞ்சது என்றேன். உன் அம்மா அடுப்படியில் இருந்து ஒரு பார்வை பார்த்தாள், அதையும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். என்ன எழுதினீங்க, காட்டுங்க என்று நீ கேட்டதற்குப் பிரதி எடுக்கவில்லை, ரொம்ப உயர்வாக எழுதினேன் என்று மட்டும் சொன்னேன். கீழ்வீட்டுத் தையல்காரரிடம் சொன்னேன், அவரிடம் சொன்னால் அளவு கொடுக்க வருகிற எல்லோரிடமும் சொன்ன மாதிரி. அதைக் கேட்டு நடனம் படிக்கிற இரண்டு பெண்கள் என்னைத் தேடி வந்து ஏதோ ஒரு விண்ணப்பம் எழுதி வாங்கிப் போனார்கள். அவர்கள் தகப்பன்மார் இருவரையும் படுக்கையில் போட்டேன். இருவருக்குமே கிடைக்கவில்லை.

இதையெல்லாம் நான் பாட்டுக்கு மறந்துவிட்டு நிம்மதியாகத்தான் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை நீ கடைசியாக ஒன்று சொன்னாயே, உங்கள் வழிகாட்டி அம்மா ஒத்திகையைப் பார்த்துவிட்டு, எல்லாம் அழகா இருக்கு, ஆனா நீங்க எழுதி அனுப்பினதுல இருந்தது இதுல எங்கேயும் காணோமே என்று கேட்டார் என்று. நீ அதை என் உயர்வான எழுத்து என்று நினைத்துக்கொண்டு, பார்த்தே இராத ஒரு தாளுக்குத் தகுந்த மாதிரி ஐந்து வாரமாக ஆட்களைத் தாவ வைத்து, சுழல வைத்து, நிலா நட்சத்திரம் என்று என்னென்னவோ செய்துகொண்டிருக்கிறாய். அவர் கேட்டது உன் தாளை. உன் காலை வாரிவிட்டது அங்கே இருக்கிற யாரும் இல்லை, நான்தான். என் வாய்ச்சவடால் ஒன்றுக்காக என் பெண் மூட்டை கட்டிக்கொண்டிருக்கிறாள் என்பது போனை வைத்த பிறகுதான் உறைத்தது. மன்னித்துவிடு அம்மா. இந்த வார்த்தையை ஆயிரம் பேருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன், எனக்காக எழுதுவது இதுதான் முதல் தடவை.

உன் தாளை அலமாரியில் இருந்து தேடி எடுத்தேன். நான் அடித்த பத்தியை நீ மறந்திருந்தால் இதோ, உன் வார்த்தைகளிலேயே எழுதுகிறேன். எங்க அப்பா மேசைக்கு முன்னால நிக்கிறவங்க யாரும் நேரா நிக்கிறதில்லை, ஒரு கையால வயித்தைப் பிடிச்சுக்கிட்டு, முட்டியை லேசா மடக்கி, இருக்கிற உயரத்துல பாதியைத்தான் வெளியே காட்டுவாங்க, அப்பா எழுதி வாசிக்க வாசிக்க இன்னும் குனிவாங்க, மனு நல்லா வந்திருக்குன்னு எனக்கு அதை வச்சுத்தான் தெரியும், பன்னெண்டு வயசுல இருந்து பாக்கறேன், இவங்களை வச்சு ஒரு நடனம் அமைக்கணும், யாரும் தாவ வேண்டாம், கடைசியில ஒரே ஒருத்தர் நிமிர்ந்தா போதும். இதற்குப் பக்கத்தில் நான் சிவப்பில் எழுதியிருப்பது, தேவையற்றது, குடும்ப விஷயம்.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது, அதையும் மறைக்கவில்லை. இத்தனை வருடமாக நான் எழுதியது ஜனங்களைக் குனிய வைக்கத்தானா என்று திங்கட்கிழமை முழுக்க யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. செவ்வாய்க்கிழமை மேசையில் உட்கார்ந்து வருகிறவர்களைக் கவனித்தேன். நீ எழுதியது ஒன்றுகூடத் தப்பில்லை, கை வைக்கிற இடம் உட்பட. ஓய்வூதியம் நின்றுபோன ஒரு பெரியவர் வந்தார், அவருக்கு வாசித்துக் காட்டும்போது மெல்ல மெல்ல மடங்கிக்கொண்டே போனார். எனக்குப் பொறுக்கவில்லை, ஐயா கொஞ்சம் நேரா நில்லுங்க என்றேன். அவர் பயந்துபோய் இரண்டு அடி பின்னால் போய், ஏன் சார், மனுவுல ஏதாவது தப்பா என்றார். இல்லை, சும்மாதான் நிமிர்ந்து நில்லுங்க என்றேன். நிமிர்ந்தா குடுக்க மாட்டாங்க சார் என்று சொன்னார், எனக்குப் புத்தி சொல்கிற தொனியில். நான் மனுவை மடித்து அவர் கையில் கொடுத்தேன். உன் அம்மாவிடம் வந்து சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டே, அந்தப் போன் வந்தப்போ நீங்க நின்ன நிலையை நான்தானே பாத்தேன், வயித்துல ஒரு கை, முதுகு வில்லா வளைஞ்சு, போன்ல அவங்களுக்கு உங்க முதுகு தெரியவா போகுதுன்னு அன்னிக்கே சொல்ல நினைச்சேன் என்றாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, ஒரு மாதிரி அழுகையும் வந்தது. இரண்டையும் கூரை ஒழுகலைப் பார்ப்பது போல மேலே பார்த்துச் சமாளித்தேன்.

அதனால் சொல்கிறேன், நடனத்தைப் பற்றி எனக்கு என்ன தெரியும் என்று நீ கேட்பாய், ஒன்றும் தெரியாது. நடனம் அமைக்கிறவர் ஆட வேண்டியதில்லை, பிறரை ஆட்டி வைத்தால் போதும் என்பதே உன் அம்மா சொல்லித்தான் எனக்குப் புரிந்தது, அவளுக்கு அந்த வேலையில் அனுபவம் உண்டு. ஆனால் மனு எழுதுகிறவனுக்கு ஒன்று தெரியும், எது திரும்பி வந்தது, எது நிறைவேறியது என்பது. என்னுடையது திரும்பி வந்தது. உன்னுடையதுதான் நிறைவேறியது. நீ கேட்ட விலகல் கடிதத்தை என்னால் எழுத முடியாது, எழுதினால் அதுவும் உன் பெயரில் நான் சொல்கிற இன்னொரு பொய்யாகத்தான் இருக்கும். வந்தே தீருவேன் என்றால் வா, கதவு திறந்துதான் இருக்கிறது, உன் அறையில் அம்மா துணி காயப்போடுகிறாள், எடுத்துவிடச் சொல்கிறேன். ஆனால் அந்தக் கடிதத்தை நீயே எழுதிக்கொள்.

உன் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். சிவப்பு மையை அழிக்கப் பார்த்தேன், தாள் கிழிகிற மாதிரி இருந்தது, அப்படியே விட்டுவிட்டேன். கொட்டாவி விடுகிற அந்த நான்கு பேரிடம் இந்தப் பத்தியை வாசித்துக் காட்டு, முடிந்தால் ஏதாவது அலுவலக வாசலில் ஒரு மணி நேரம் அவர்களை நிற்க வைத்துப் பார். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நாள் இருக்கிறது. விரலில் ஈரம் படாமல் பார்த்துக்கொள், சாப்பிடும்போது உட்கார்ந்து சாப்பிடு. தையல்காரரிடம் போய் உண்மையைச் சொல்லிவிட்டேன், நாளைக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும், அதைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம். உன் அம்மாவின் ஆசியும் என் ஆசியும் உன் நான்கு ஆட்டக்காரர்களுக்கும் சேர்த்து. ஒரே ஒரு வேண்டுகோள், இதில் பணிவன்பு எதுவும் இல்லை. மேசைக்கு முன்னால் நிற்பவர்களைத்தான் நீ எழுதியிருக்கிறாய், பின்னால் உட்கார்ந்திருக்கிறவனையும் ஆட்டத்தில் சேர்த்துக்கொள். அவனும் இத்தனை வருடத்தில் ஒரு நாள்கூட நேராக உட்கார்ந்ததில்லை.

உன் மேல் உயிரையே வைத்திருக்கும்,
அப்பா