மீன்காரர் கேட்ட மன்னிப்பு

சாய்ந்தமருது
வெள்ளி, ஜும்ஆவுக்குப் பின்

அன்பு மகன் பஸாலுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் உன்னை அங்கே உடல் சுகத்தோடும் ஈமானோடும் வைத்திருக்கட்டும். இங்கே நாங்களும் நலம் என்று அடுத்த வரி வர வேண்டும், எழுதக் கை வரவில்லை. ஏன் என்று உனக்குத் தெரியும், எனக்குத் தெரிவதற்கு முன்பே தெரியும். உன் கூட்டாளி றிஷாட் லீவு முடிந்து டோஹாவுக்குத் திரும்புகிறான், காயவைத்த கூனி இறால் பொதிக்குள் இதை வைத்து அனுப்புகிறேன். போனில் கதைத்திருக்கலாமே என்பாய். போனை எப்போதும் உன் வாப்பாவோ தங்கச்சி றிபாவோதான் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள், என் குரல் கொஞ்சம் மாறினாலும் சிக்னல் இல்லை என்று வெட்டிவிடுகிறார்கள். கடிதத்தை யாரும் நடுவில் வெட்ட முடியாது.

மழை பிந்திவிட்டது, சம்மாந்துறையில் மாமா இன்னும் விதைக்கவில்லை. என் புத்தக அலுமாரியின் கீழ்த்தட்டில் பூனை குட்டி போட்டிருக்கிறது, அந்த அலுமாரியில் யாரும் கை வைத்தால் எனக்குப் பிடிக்காது என்று உனக்குத் தெரியும், ஆனாலும் குட்டிகளை எடுக்க மனம் வரவில்லை. பக்கத்து வீட்டு ஆயிஷா உம்மா போன மாதம் கஞ்சியோடு வந்தார். கோழிப் பிரச்சினையில் என்னோடு கதைப்பதை விட்டுப் பல காலமாகிறது அல்லவா. வந்தவர் என் அறைக்குள்ளேயே வந்து கையைப் பிடித்து, "ஷாஹினா, வாய் தவறி ஏசினதெல்லாம் அல்லாஹ்வுக்காகப் பொறுத்துக்க" என்றார். மறுநாள் முஸ்பிறா சாச்சி வந்து அதையே கேட்டாள். மக்காவுக்கு உம்றா செய்யப் போகிறவர்களிடம்தானே நம் ஊரில் இப்படி வீடு தேடி வந்து கேட்பார்கள். அதனால் நான் ஒன்றை நினைத்துக்கொண்டேன் மகன். எழுதவே வெட்கமாக இருக்கிறது. நீயும் வாப்பாவும் எனக்குச் சொல்லாமல் உம்றா ஏற்பாடு செய்கிறீர்கள், ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது, எனக்கு மட்டும் கடைசியில் சொல்லி ஆச்சரியப்படுத்தப் போகிறீர்கள் என்று நினைத்தேன். என் வயிற்றுவலிக்குக் காட்டப் போனபோது கொழும்பில் டொக்டரின் அறைக்கு வெளியே என்னைத் தேத்தண்ணியோடு இருத்திவிட்டு வாப்பா மட்டும் உள்ளே நெடுநேரம் இருந்ததைக்கூட, நான் விமானப் பயணத்தைத் தாங்குவேனா என்று கேட்கத்தான் என்று எடுத்துக்கொண்டேன். உங்கள் சந்தோசத்தைக் கெடுக்கக் கூடாது என்று தெரியாதவள் போல இருந்தேன். வெள்ளை அபாயா ஒன்றைத் தைத்து அலுமாரியின் மேல்தட்டில் வைத்தேன், கஃபாவைச் சுற்றும் தவாபில் ஓதும் துஆக்களைப் பார்க்காமல் ஓதிப் பழகினேன்.

அப்போதுதான் நீ போனில் சிரித்துக்கொண்டே, "உம்மா, சின்ன வயசில இருந்து நான் செஞ்ச பிழையெல்லாம் பொறுத்துக்கங்க" என்று கேட்டாய். போன் திரையில் உன் முகத்தைப் பார்த்து நானும் சிரித்தேன். ஓம் மகன், எல்லாத்தையும் பொறுத்துட்டேன் என்றேன். எவ்வளவு லேசாகச் சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை மீன்கார ஆதம்பாவா காக்கா மோட்டார் சைக்கிளைப் படலையில் நிறுத்தினார். பாரைத் துண்டொன்றைத் தந்து காசு வேண்டாம் என்றார். "எப்பயாச்சும் பழைய மீனத் தந்திருந்தா பொறுத்துக்கங்க புள்ள" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. "அந்தச் சூரைமீனச் சொல்றீங்களா காக்கா? பூனையே திங்கல்ல. சரி, உம்றாவுக்குப் போற நான்தானே முதல்ல உங்கள்ட்ட கேக்கோணும், உங்கட தராசப் பத்தி ஊரெல்லாம் கதைச்சிருக்கன்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. "என்ன உம்றா புள்ள? உங்களுக்குக் கென்சர் முத்திட்டு, இனி மருந்து இல்ல எண்டுதானே மார்க்கட்டில கதைக்காங்க" என்றார். என் முகத்தைப் பார்த்த பிறகுதான் அவருக்கு விளங்கியது. தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அவரை இருத்தித் தண்ணீர் கொடுத்தது நான்தான்.

குசினிக்குப் போய் றிபாவிடம் கேட்டேன். "பஸால் காக்காதான் சொல்ல வேணாம் எண்டார் உம்மா" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். கணையத்தில் என்று அவள்தான் சொன்னாள். மருந்து ஏற்றினால் சில மாதங்கள் கூடலாம், ஆனால் கஷ்டப்படுத்தும் என்று டொக்டர் சொன்னதையும், உம்மாவை வருத்த வேண்டாம் என்று நீ அங்கிருந்து முடிவு சொன்னதையும் அவள்தான் சொன்னாள். வாப்பாவிடம் கேட்டதற்கு, "நீ புத்தகம் வாசிக்கிற ஆள், கனக்க யோசிப்பாய், அதுக்குப் பயந்துதான் சொல்லல்ல" என்கிறார். இத்தனை வருடம் வாசித்தது இதைத் தாங்கத்தான் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. என்னிடம் கேட்டிருந்தால் நானும் வேண்டாம் என்றே சொல்லியிருப்பேனோ என்னவோ. ஆனால் அதை நான் சொல்லியிருக்க வேண்டும். மீன்காரருக்குத் தெரிந்த என் நோய், கோழிக்குச் சண்டை பிடித்தவருக்குத் தெரிந்த என் நோய் எனக்குத் தெரியாது. நீ அன்பினால்தான் செய்தாய், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அதனால்தான் வலி கூடுதலாக இருக்கிறது. அன்பில்லாதவன் ஏமாற்றினால் இரண்டு வார்த்தை ஏசிவிட்டுப் போயிருப்பேன்.

வரும் புதன்கிழமை றிபாவோடு டொக்டரிடம் போகிறேன். இந்த முறை உள்ளே நான் இருப்பேன், வெளியே வாப்பா தேத்தண்ணி குடிக்கட்டும். மருந்து ஏற்றுவதா இல்லையா என்று கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டு நானே சொல்லிவிட்டு வருவேன்.

உனக்கு வெயிலில் நிற்கும் வேலை, தண்ணீர் குடி. கூனியைச் சம்பலாக இடித்துச் சாப்பிடு, றிஷாட்டுக்கும் கொடு. சுபஹ் தொழுகையைத் தவற விடாதே. உன்னை வெறுத்து இதை எழுதவில்லை, ஒவ்வொரு தொழுகையிலும் உனக்காகக் கை ஏந்துகிறேன், அல்லாஹ் உன் உழைப்பில், ரிஸ்கில் பரக்கத் செய்யட்டும். ஆனால் அன்று போனில் நீ வாங்கிய அந்த 'ஓம்' என்ற வார்த்தையை நான் திரும்ப எடுத்துக்கொண்டேன். மக்காவுக்குப் போகப் போகிறவள் கொடுத்தது அது. அப்படி ஒருத்தி இந்த வீட்டில் இருக்கவில்லை. லீவு கேட்டு வா. என் முன்னால் இருந்து, என் நோயின் பெயரை உன் வாயால் சொல்லி, இதற்காகவும் சேர்த்து மன்னிப்புக் கேள். தருவேன் மகன், கொடுக்காமல் போக எனக்கும் விருப்பமில்லை. பிந்தாதே.

வழி பார்த்திருக்கும்
உன் உம்மா
ஷாஹினா