சனி குவைத்துக்கு வருகிறது

மாமாங்கேஸ்வரர் துணை

கல்லடி,
ஐப்பசி 1998

என் அன்பு இராசாத்திக்கு,

நானும் பிள்ளை அன்னமும் நல்ல சுகம். உனக்கு அங்கே காய்ச்சல், தடிமன் ஒன்றும் வரக்கூடாதென்று மாமாங்கத்தானிடம் சொல்லி வைத்திருக்கிறேன். இந்தக் கடிதத்தோடு ஒரு சின்னப் பெட்டியும் வரும். கடிதத்தை முழுக்க வாசித்த பிறகுதான் பெட்டியைத் திறக்க வேண்டும். உன் அவசரம் எனக்குத் தெரியும். அதனால் கடிதத்தை முதலில் தந்து, நீ வாசித்து முடித்த பிறகே பெட்டியைத் தரும்படி, இவற்றைக் கொண்டுவருகிற ஆதம்பாவா காக்காவிடம் சொல்லியிருக்கிறேன்.

மாசியோடு உன் ஒப்பந்தம் முடிகிறது, இன்னும் இரண்டு வருஷம் வீட்டுவேலைக்கு நிற்கும்படி மெடம் கேட்கிறா, என்ன செய்ய என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய். அதற்கு மறுமொழி இந்தக் கடிதத்தில் இருக்கிறது. கொஞ்சம் சுற்றித்தான் வரும், பொறுத்துக்கொள்.

முதலில் என் வேலை. இந்தச் சண்டை நாளில் யார் புதுக்கடை திறக்கிறார்கள், எனக்குப் பேர்ப்பலகை எழுதக் கிடைப்பதற்கு? தூரிகையெல்லாம் காய்ந்து கிடந்தபோதுதான் வந்தாறுமூலைக் கம்பஸில் சித்திரம் படிப்பிக்கிற வினாயகமூர்த்தி சேர் வீடு தேடி வந்தார். பாதை பூட்டியே கிடந்து பக்கத்து ஊரைக்கூடப் பார்க்காத பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களுக்கு வானத்தையாவது ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டுவோம் என்றார். எனக்கு மனுசனைப் பிடித்துப்போயிற்று. சிரட்டையிலும் கடதாசிக் கூழிலும் அவர் கோள்களைச் செய்தார். வர்ணம் முழுக்க உன் புருஷன். வியாழன் ஒரு மாதுளங்காய் அளவு. பூமி தேசிக்காய் அளவு. சனிக்குப் பால்மா டின் மூடியை வெட்டி வளையம் போட்டு, மஞ்சளும் பொன்னும் கலந்து பூசினேன். பெருமைக்குச் சொல்லவில்லை, அந்த வளையத்தைப் பார்த்தால் கழற்றிக் கையில் போட்டுக்கொள்ள உனக்கே ஆசை வரும். சூரியன் மட்டும் சேர் பிள்ளைகளைக் கூட்டுகிற மண்டபத்தை விட்டு அசைவதில்லை. அதற்குள் பல்பும் பற்றரியும் இருக்கின்றன. பற்றரியோடு வாவியைத் தாண்டிப் படுவான்கரைக்குப் போக ஆமி விடுமா, குண்டு செய்யத்தான் என்று பிடிக்காதா?

வெளியூருக்குப் பயணம் போகிறவர்கள் யாராவது ஒரு கோளைக் கூட்டிப்போவார்கள், போன இடத்துப் பிள்ளைகளுக்குக் காட்டுவார்கள். சேர் அதற்கு ஒரு சட்டம் போட்டார். போகும்போது எத்தனை கை மாறினாலும் குற்றமில்லை. திரும்பி வரும்போது மட்டும், கடைசியாக வைத்திருந்தவர் தன் கையாலேயே கொண்டுவந்து, அந்தக் கோள் எங்கே போயிற்று, என்ன கண்டது என்று மண்டபத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும். வேறு யாரிடமும் கொடுத்தனுப்பினால் வாங்கமாட்டார்.

பூமியை நானே கொண்டுபோனேன். கல்லடிப் பாலத்துக் காவலில் நின்ற ஆமிப் பெடியன் பெட்டியைத் திறந்து பூமியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கடைசியில் அவன், லங்கா எங்க, காட்டு என்று உடைந்த தமிழில் கேட்டான். பார்த்தால் இல்லை. அமெரிக்காவையெல்லாம் பார்த்துப் பார்த்துப் பூசிய எனக்கு நம்முடைய நாடு மறந்துபோயிற்று. அவனே சட்டைப் பையிலிருந்து பேனையைத் தந்தான். இந்தியாவுக்குக் கீழே ஒரு பொட்டு வைத்தேன். சிரித்துக்கொண்டு போகவிட்டான்.

வீட்டுக்கு வந்து அன்னத்திடம் சொன்னேன். அவள் உடனே குவைத் எங்கே என்று கேட்டு அதற்கும் ஒரு பொட்டு வைத்தாள். பிறகு பெருவிரலை அழுத்தி இரண்டு பொட்டையும் ஒன்றாக மறைத்துப் பார்த்தாள். இவ்வளவு கிட்டத்தான் அம்மா இரிக்கிறா எண்டா என்னத்துக்கு இவ்வளவு நாள் எடுக்கிறா என்று கேட்டாள். பெரிய பூமியில் தூரம் கூட என்றேன். அவள் நம்பவில்லை.

வியாழனுக்கு நடந்த கூத்தைக் கேள். குமர்ப்பிள்ளை இருக்கிற வீடெல்லாம் வியாழ நோக்கம் வந்து கல்யாணம் கூடட்டும் என்று அதற்கு நான் நீ என்று அடிபட்டார்கள். பக்கத்து வளவுச் சீதேவியக்கா வென்றா. செட்டிபாளையத்துத் தமையன் வீட்டுக்கு அதைக் கொண்டுபோய் மகளின் தலைமாட்டில் வைத்திருந்தா. பிள்ளைகளுக்கு எங்கே காட்டினா? அப்படியிருக்க, அந்த ஊரிலேயே மகளுக்குச் சம்பந்தம் சரிவந்துவிட்டது. காரியம் முடிந்ததும் வியாழனை பஸ் கொண்டக்டரிடம் கொடுத்தனுப்பினா. சேர் வாங்கவில்லை. பாவம் கொண்டக்டர், அதைத் திரும்பச் செட்டிபாளையத்துக்கே கொண்டுபோனார். பிறகு அக்காவே கொண்டுவந்து, வியாழனுக்கு நன்றி சொல்லித் தேங்காய் உடைத்து, பிள்ளைகளுக்கு மகளின் கல்யாணக் கதையையும் சொல்லிவிட்டுப் போனா. வியாழனைப் பற்றி அவ்வளவு நன்றாகச் சேர்கூடப் படிப்பிக்கவில்லை.

இப்போது சனிக்கு வருகிறேன். இருப்பதில் வடிவானது அதுதான், ஆனால் ஒருவரும் தொடமாட்டோம் என்றுவிட்டார்கள். ஒரு மனுசி அதைக் கண்டதும் எள்ளெண்ணெய் விளக்குக் கொளுத்தத் தொடங்கினா. அதே சீதேவியக்கா, தம்பி, உமக்குப் புண்ணியமாப் போகும், அந்தச் சனியனக் கொண்டு எங்கிட வளவுக்க வராதயும்கா என்று படலையை மறித்து நின்றா. மற்றக் கோள்கள் மட்டக்களப்பைச் சுற்றி வர, சனி மட்டும் எங்கள் வீட்டு வாசலில் தொங்கிக்கொண்டு கிடந்தது. அன்னத்துக்குக் கவலை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அதற்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்துகொள்வாள்.

அந்த நேரம்தான் காத்தான்குடி ஆதம்பாவா காக்கா வந்தார். அங்கே குவைத்தில் உனக்கு நாட்டுச் சாமான் கொண்டுவந்து தருகிறவர்தான், மகளின் கலியாணத்துக்கு லீவில் வந்திருந்தார். மருமகனின் கடைக்குப் பேர்ப்பலகை எழுதவேண்டுமாம். அந்தத் தமிழ்-முஸ்லிம் கலவர காலத்துக்குப் பிறகு எங்கள் படலையைத் திறந்து அவர் வந்தது இதுதான் முதல் தடவை. அவர் சனியைப் பார்த்து, இதென்ன மாப்பிள, தொப்பி போட்ட தோடம்பழமா என்றார். நான் முழுக் கதையையும் சொன்னேன். மனுசன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எங்களுக்கு உங்கட சனி ஒண்டும் செய்யாது, தாங்க, நான் கொண்டு போறன், இன்ஷா அல்லாஹ் குவைத்துப் புள்ளயளுக்கும் காட்டுவம் என்றார். அன்னம் எழும்பி ஓடிப்போய், தன் புதுச் சட்டை வந்த பெட்டியை எடுத்துவந்து கொடுத்தாள். சனி அப்போதே காத்தான்குடிக்குப் போய்க் கலியாண வீட்டில் இரண்டு நாள் நின்றது. பிரியாணி வாசத்தோடுதான் உன்னிடம் வரும்.

சனியையா அனுப்பினீர் என்று நீ இப்போது என்னைத் திட்டிக்கொண்டிருப்பாய். திட்டு. உன் சத்தம் கேட்டு நாளாயிற்று. இங்கே பிள்ளைக்குத் தலை இழுத்துப் பின்னுகிறவன் நான்தான். ஒரு பின்னல் மேலே, ஒன்று கீழே. பள்ளிக்கூடத்தில் சிரிக்கிறார்களாம். வெடிச்சத்தம் கேட்கிற நாட்களில் அவள் என் பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டு, அம்மா இருக்கிற இடத்தில் சத்தம் இல்லைத்தானே என்று கேட்பாள். இல்லை என்பேன். அப்படியென்றால் சரி என்று தூங்கிவிடுவாள். நான்தான் தூங்குவதில்லை, இராசாத்தி.

சித்திரை வருஷப்பிறப்புக்கு எல்லாக் கோள்களையும் சூரியனைச் சுற்றிக் கட்டித் தொங்கவிடப் போகிறோம். ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆணி. சனிக்குரிய ஆணியை அன்னமே கதிரையில் ஏறி நின்று அடித்தாள். வேறு யாரையும் அதில் கைவைக்க விடுகிறாள் இல்லை.

பெட்டியை வாங்கிக்கொண்டதும் சனி உன் பொறுப்பு. ஆதம்பாவா காக்காவிடம் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று நினைக்காதே. வாங்கமாட்டார், சொல்லி வைத்திருக்கிறேன். தபாலில் போட்டாலும் சேர் ஏற்கமாட்டார், சட்டம் உனக்கு இப்போது தெரியும். இரண்டு வருஷத்தைப் பற்றி மெடத்துக்கு என்ன சொல்வதென்று இனி நீயே பார்த்துக்கொள். மண்டபத்தில் முன்வரிசையில் ஒரு பிள்ளை இருப்பாள், ஒரு பின்னல் மேலே, ஒன்று கீழே. சனி எங்கே போயிற்று, என்ன கண்டது என்று அவளுக்குச் சொல்லவேண்டும்.

வளையத்தைப் பத்திரமாகப் பார்த்துக்கொள். மாமாங்கத்தான் உன்னையும் அதையும் ஒரு கீறல் விழாமல் காப்பாற்றட்டும். ஆணி காத்திருக்கிறது.

உன் அன்புக் கணவன்,
கதிர்காமத்தம்பி